மாத்திரை அட்டையும் குதிகால் நாணும்: ஆன்டிபயாட்டிக் எடுக்கும் ஓட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே அடிவாரம் போய், ஏற்காட்டு மலைச்சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கால் தாங்கும் மட்டும் ஓடிவிட்டுத் திரும்புகிறவன். இந்த இரண்டு பழக்கமும் ஒருநாள் என் குதிகாலில் வந்து முட்டிக்கொள்ளும் என்று நான் நினைத்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன், மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் வாங்கிச் சாப்பிட்ட ஏதோ ஒன்று வயிற்றைக் கெடுத்தது. கடையில்தான் எல்லாம் இருக்கிறதே என்ற மிதப்பில் மருத்துவரிடம் போகாமல், ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரையை நானே எடுத்து ஐந்து நாள் விழுங்கினேன். வயிறு இரண்டாம் நாளே சரியாகிவிட்டது. எட்டாம் நாள் மலையேறியபோது, ஒன்பதாவது வளைவுக்கருகில் இரண்டு குதிகால்களுக்கும் மேலே ஈரக் கயிற்றை முறுக்கியதுபோல் ஓர் இறுக்கம் வந்தது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கிக் குளியலறை வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். புதிதாக வாங்கிய காலணிதான் காரணம் என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மருந்தைத் தினமும் எண்ணிக் கொடுக்கிற எனக்கே வயிற்று மாத்திரையையும் குதிகால் வலியையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை என்றால், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையனுக்கும் கபடி ஆடும் பெண்ணுக்கும் எப்படித் தோன்றும்?

எந்த ஆன்டிபயாட்டிக், தசையை எலும்போடு கட்டும் தசைநாணையும் தசையையும் தொடக்கூடியது, அதை எழுதித் தரும்போது மருத்துவரிடம் என்ன கேட்பது, எடுக்கும் நாட்களில் பயிற்சியை எப்படி அமைப்பது, வலி வந்தால் முதலில் என்ன செய்வது என்பவற்றை இங்கே எழுதுகிறேன். முன்னதாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரைகளை விழுங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தசைநாணில் எதுவும் நேர்வதில்லை. இது அரிதான பக்கவிளைவுதான். ஆனால் நேர்ந்துவிட்டால் ஓடுகிறவருக்கு ஓர் ஆண்டே போய்விடக்கூடும் என்பதாலும், முதல் இரண்டு மூன்று நாட்களில் நடந்துகொள்ளும் விதம் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதாலும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அட்டையில் பார்க்க வேண்டியது

கவனிக்க வேண்டிய குடும்பத்தின் பெயர் ஃப்ளோரோகுயினோலோன். அந்தப் பெயர் அட்டையில் இருக்காது. அட்டையில் இருப்பது சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் போன்ற பெயர்கள். முன்பாதி எதுவாக இருந்தாலும் 'ஃப்ளாக்சசின்' என்று முடிந்தால் அது இந்தக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனிப் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே மருந்து பற்பல பெயர்களில் வருகிறது, ஒரே பெயரின் பின்னால் ஓரெழுத்து கூடினால் உள்ளிருக்கும் கலவையே மாறிவிடுகிறது. ஆகவே, அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலமருந்தின் பெயரையே படிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் கலவை மாத்திரைகளில்தான் இந்தக் குடும்பம் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. ஆர்னிடசோல் அல்லது டினிடசோல் என்ற பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்தால் அதையும் படியுங்கள்.

இங்கே எங்கள் தொழிலின் பழக்கம் ஒன்றைக் குறை சொல்லத்தான் வேண்டும். பத்து மாத்திரை கொண்ட அட்டையை ஆறாகவோ மூன்றாகவோ கத்தரித்துக் கொடுக்கிறோம். கத்தரி ஓடிய இடத்தில் பெயரின் பாதி போய்விடும், காலாவதித் தேதி இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும். சில சிறிய கிளினிக்குகளிலோ மாத்திரைகளை உதிர்த்து வெள்ளைக் காகித உறையில் போட்டு, மேலே காலை, இரவு என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். ஒரு மாதம் கழித்துக் கால் வலிக்கும்போது, 'மஞ்சள் நிறத்தில் நீளமாக ஒரு மாத்திரை' என்பதைத் தவிர நோயாளிக்குச் சொல்வதற்கு எதுவும் இருக்காது. அதனால் மாத்திரையை வாங்கும்போதே முழு அட்டையின் பின்புறத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். உதிரியாகக் கொடுத்தால் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் யாரும் கோபித்துக்கொள்வதற்கு ஒன்றுமில்லை.

சொட்டு மருந்தாகக் கண்ணிலோ காதிலோ விடும் சிப்ரோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலப்பதால், அவற்றுக்காகப் பயிற்சியை மாற்ற வேண்டியதில்லை.

ஏன் குதிகாலைத் தேடிப் போகிறது

தசையையும் எலும்பையும் இணைக்கும் நாண், கொலாஜன் என்ற புரத இழைகளை அடுக்கி முறுக்கிய கயிறு போன்றது. அதற்குள் ஆங்காங்கே இருக்கும் உயிரணுக்கள் பழைய இழையை அகற்றிப் புதிய இழையை நெய்துகொண்டே இருக்கின்றன. ஃப்ளோரோகுயினோலோன் மருந்துகள் இழையைச் சிதைக்கும் நொதிகளைக் கூட்டுகின்றன, நெய்யும் வேலையைக் குறைக்கின்றன, அந்த உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியையும் பாதிக்கின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. இவை மக்னீசியத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மையும் கொண்டவை. நம் ஊர் வெள்ளைக்கல் சுரங்கங்களிலிருந்து வெட்டியெடுக்கப்படும் மாக்னசைட்டில் இருக்கும் அதே மக்னீசியம், நாணின் உயிரணுக்கள் தம்மைச் சுற்றியிருக்கும் இழைகளைப் பற்றி நிற்பதற்கும் தேவைப்படுகிறது. சரி, மக்னீசிய மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிட்டால் போயிற்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் வயிற்றிலேயே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மருந்து உடலில் சேராமல் போகும். நாண் காக்கப்படும் என்பதற்கும் மனிதரில் நிரூபணம் இல்லை.

பாதிக்கப்படுவது பெரும்பாலும் அக்கிலிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் குதிகால் நாண்தான். உடலிலேயே தடித்த நாண் அது. ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. ஆனால் குதிகால் எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே இரத்த ஓட்டம் குறைந்த ஒரு பகுதி உண்டு, அறுந்துபோவது அங்கேதான் அதிகம். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் வருகிறது. அதிகப் பயிற்சியால் வரும் சாதாரண வலி பெரும்பாலும் ஒரு காலில் தொடங்கும் என்பதால், இரண்டு குதிகாலும் ஒன்றாக வலித்தால் மாத்திரையை நினைத்துப் பார்க்க வேண்டும். தோள்பட்டை, முன்னங்கை, முட்டி, இடுப்பு ஆகிய இடங்களின் நாண்களும் தப்புவதில்லை. எறிதல் வீரர்களும் உடற்பயிற்சிக்கூடத்தில் பளு தூக்குபவர்களும் தோளைக் கவனிக்கட்டும்.

இது வரும் காலக்கணக்குதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. முதல் மாத்திரை விழுங்கிய 48 மணி நேரத்துக்குள் வரலாம், கடைசி மாத்திரை முடிந்து பல மாதங்கள் கழித்தும் வரலாம். பலருக்கு முதல் ஓரிரு வாரங்களில் தொடங்குகிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் நாண் அழற்சி, நாண் அறுதல் ஆகியவற்றைப் பற்றிக் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை இந்த மருந்துகளின் குறிப்பேட்டில் சேர்க்கச் செய்தது. 2016-இல் அதைக் கடுமையாக்கி, சாதாரண சைனஸ் தொற்று, மூச்சுக்குழல் அழற்சி, எளிய சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு வழியிருந்தால் இவற்றைத் தவிர்க்கச் சொன்னது. ஐரோப்பிய மருந்து முகமை 2018-இலும், பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 ஜனவரியிலும் இவற்றின் பயன்பாட்டை மேலும் சுருக்கின. நம் ஊரில் இன்னும் இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்கே இது கைக்கு வருகிறது. அந்தக் கையில் என் கையும் ஒன்றாக இருந்தது என்பதை மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மருத்துவரிடம் பேசும்போது

மருத்துவர் உங்கள் தொண்டையையும் வயிற்றையும் பார்ப்பார், நீங்கள் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்பது முகத்தில் எழுதியிருக்காது. ஆகவே நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. ஓடுகிறேன், அடுத்த மாதம் தேர்வோ போட்டியோ இருக்கிறது என்பது ஒன்று. முன்பு குதிகாலிலோ தோளிலோ நாண் வலி வந்திருந்தால் அது. அறுபது வயதைக் கடந்திருப்பது, சிறுநீரகக் குறைபாடு, உறுப்பு மாற்றுச் சிகிச்சை ஆகியவை இருந்தால் ஆபத்து கூடும் என்பதால் அவையும். 'சார், இதற்கு ஃப்ளாக்சசின் இல்லாத வேறு மருந்து சரிப்படுமா?' என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டால் போதும். பெரும்பாலான எளிய தொற்றுகளுக்குச் சரிப்படும். பெண்களுக்கு வரும் எளிய சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயினோ ஃபாஸ்போமைசினோ தரலாம். தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் உப்புச்சர்க்கரைக் கரைசல்தான் மருந்து, ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் அசித்ரோமைசின் இருக்கிறது. டைஃபாய்டுக்கும் அசித்ரோமைசின், செஃபிக்சைம், செஃப்ட்ரியாக்சோன் ஆகியவை இருக்கின்றன. இந்தியாவில் டைஃபாய்டுக் கிருமி சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசிவதைப் பெருமளவு நிறுத்திவிட்டது என்பதால் அங்கே மாற்று மருந்தே நல்ல மருந்தும்கூட.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு ஃப்ளாக்சசின் என்றாலே வேண்டாம் என்று அடம்பிடிக்கக் கூடாது. மருந்துக்கு மசியாத காசநோய்ச் சிகிச்சைக்கு லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் முதுகெலும்பு. சில சிக்கலான சிறுநீரக, புராஸ்டேட் தொற்றுகளுக்கு வாய்வழி மருந்து இதை விட்டால் இல்லை. அங்கே ஓட்டம் காத்திருக்கட்டும், மருந்து முந்தட்டும்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளுக்கு, வளரும் குருத்தெலும்பு பாதிக்கப்படலாம் என்ற அச்சத்தால் பொதுவாக இந்தக் குடும்பத்தைத் தவிர்ப்பார்கள். அப்படியிருந்தும் எழுதப்பட்டிருந்தால் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, வீக்கத்தையும் அழற்சியையும் அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு. ஃப்ளாக்சசினுடன் ஸ்டீராய்டு சேரும்போது நாண் அறுவதற்கான வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. 'சீக்கிரம் எழுந்து நடக்கணும், ஒரு ஊசி போடுங்க' என்று நாமே கேட்டு வாங்கும் ஊசியில் டெக்சாமெதசோன் இருக்கக்கூடும். சளிக்கும் இழுப்புக்கும் தரப்படும் சிறிய வெள்ளை மாத்திரை பெட்டாமெதசோனாகவோ பிரெட்னிசோலோனாகவோ இருக்கக்கூடும். ஆன்டிபயாட்டிக் எடுக்கிற வாரத்தில் ஊசி எதற்காக, அதன் பெயர் என்ன என்று கேளுங்கள். போட்டி வீரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தடையில்லை. ஆனால் 2022 ஜனவரி 1 முதல் எந்த இடத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டதே. குதிகால் வலிக்கு அந்த இடத்திலேயே போடும் ஊசியும் அதில் அடக்கம்.

இன்னொரு ஜோடியும் என்னை உறுத்துவது. உடல்வலிக்காகத் தரப்படும் தசைத்தளர்வு மருந்தான டிசானிடினைச் சிப்ரோஃப்ளாக்சசினுடன் சேர்க்கவே கூடாது. இரத்தத்தில் டிசானிடினின் அளவு ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்து, இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். ஒருவர் காய்ச்சலுக்கு ஒரு மருத்துவரையும், பிடிப்புக்கு இன்னொருவரையும் பார்த்து, இரண்டு சீட்டையும் ஒரே கடையில் காட்டாமல் வாங்கும்போது இந்த ஜோடி சேர்ந்துவிடுகிறது. இரண்டு சீட்டையும் ஒரே கடையில் நீட்டுங்கள்.

மாத்திரை உள்ளே இருக்கும் நாட்கள்

காய்ச்சல் இருக்கும்வரை எந்த மருந்தானாலும் ஓட்டம் கிடையாது. காய்ச்சல் போய், மாத்திரை மட்டும் தொடரும் நாட்களைப் பற்றித்தான் கேள்வி. மெதுவாக நடப்பதற்குத் தடையில்லை. சமதரையில் பேச்சு தடைப்படாத வேகத்தில் அரைமணி நேரம் சைக்கிள் மிதிக்கலாம். விடவேண்டியவை குதித்தல், கயிறு தாண்டுதல், குறுகிய வேகஓட்டங்கள், புதிய பளு, மேடேறும் ஓட்டம் ஆகியவை. ஏற்காட்டுச் சாலை இந்த நாட்களுக்கு ஆகாத இடம். ஏறும்போது பாதத்தின் முன்பகுதி மேடான சாலையில் ஊன்ற, குதிகால் கீழே தாழ்ந்து, நாண் தன் முழு நீளத்துக்கும் இழுபட்டபடியே உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது தொடையும் முட்டிநாணும் ஒவ்வோர் அடியிலும் உடலை நிறுத்திப் பிடிக்கின்றன. மாத்திரை நாட்களில் காந்தி ஸ்டேடியத்தின் சமமான ஓடுபாதையில் நடப்பதே மேல்.

கடைசி மாத்திரை முடிந்த மறுநாளே பழைய வேகத்துக்குப் போகக் கூடாது. முதல் வாரம் நடையும் மெதுவோட்டமும், இரண்டாம் வாரம் வழக்கமான தூரத்தில் பாதி, அதன்பின் தூரத்தைக் கூட்டிய பிறகே வேகத்தையும், வேகத்துக்குப் பிறகே மலையையும் சேர்ப்பது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட முறை. மருந்து முடிந்து ஒரு மாதமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதே விளையாட்டு மருத்துவர்களும் சொல்வது. கண்காணிப்பு என்றால் பெரிய வேலையில்லை. தினமும் காலையில் தரையில் கால் வைத்ததும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். பிறகு உட்கார்ந்து, குதிகாலுக்கு மேலே உள்ள நாணை மேலிருந்து கீழாகக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாகக் கிள்ளிப் பாருங்கள். நேற்று இல்லாத வலியோ தடிப்போ சூடோ தெரிந்தால், அன்றைக்கு ஓட்டம் இல்லை.

உணவு விஷயத்தில் இரண்டு குறிப்பு போதும். பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல், மக்னீசியம் கலந்த விளையாட்டுப் பானம் ஆகியவை மருந்தை உடலில் சேரவிடாது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ மாத்திரையை எடுக்க வேண்டும். மற்றது காப்பி. சிப்ரோஃப்ளாக்சசின் உடலிலிருந்து காஃபீன் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. சேர்வராயன் மலைக் காப்பியை நாளைக்கு நான்கு டம்ளர் குடிக்கும் என் போன்றவர்களுக்கு அந்த நாட்களில் நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. நோயின் களைப்பு என்று நினைத்து இன்னொரு டம்ளர் போடச் சொல்வோம்.

'நரம்பு' என்று சொன்னால் என்ன ஆகிறது

ஒருநாள் மாலை இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறவன், 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். 'அண்ணே, குதிகால் நரம்பு பிடிச்சு இழுக்குது, நரம்புக்கு ஏதாச்சும் சத்து மாத்திரை குடுங்க' என்றான். அவன் காட்டியது நரம்பே இல்லை. காலணியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். வலது நாண் இடதைவிடச் சற்றுத் தடித்து, பளபளவென்று இருந்தது. கடந்த ஒரு மாதத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்டதும் முதலில் 'எதுவும் இல்லை' என்றான். சளி, காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான், மூன்று வாரம் முன்பு கடுப்புக்கு ஏழு நாள் சாப்பிட்டதாக நினைவு வந்தது. பணப்பையில் மடித்து வைத்திருந்த வெற்று அட்டைத் துண்டை எடுத்தான். லெவோஃப்ளாக்சசின்.

நம் பேச்சில் நரம்பு என்ற சொல் எல்லாவற்றையும் தாங்குகிறது. மூளைக்கு உணர்வைக் கொண்டுபோவதும் நரம்பு, கையில் நீலமாகத் தெரியும் இரத்தக்குழாயும் நரம்பு, குதிகால் நாணும் நரம்பு, கணுக்காலில் எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநாரும் நரம்பு. வீட்டுப் பேச்சுக்கு இதனால் குறைவில்லை. ஆனால் மருத்துவரிடம் 'நரம்பு இழுக்கிறது' என்றால், பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் அவர் பி12 சத்து மாத்திரை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வாய்ப்பிருக்கிறது. வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். காலையில் அதிகமா, ஓடும்போது அதிகமா, படியில் இறங்கும்போது அதிகமா என்று சொல்லுங்கள். உண்மையான நரம்புக் கோளாறும் இதே மருந்துகளால் வரக்கூடும் என்பது இதில் உள்ள சங்கடம். அதன் அடையாளங்கள் எரிச்சல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, மதமதப்பு ஆகியவை. இவை உள்ளங்காலிலோ விரல் நுனிகளிலோ தொடங்கும். மாத்திரை எடுக்கும்போது இவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சில சமயம் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

வலி வந்துவிட்டால்

முதல் வேலை ஓட்டத்தை நிறுத்துவது, 'இந்த ஒரு சுற்று மட்டும்' என்பதும் கூடாது. இரண்டாவது வேலை மருத்துவரை அன்றே தொடர்புகொள்வது. நாண் வலி தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வேறு குடும்ப மருந்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இந்த மருந்துகளின் குறிப்பேட்டில் உள்ள அறிவுரை. காசநோய்க்கோ கடுமையான தொற்றுக்கோ எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

செய்யக் கூடாதவற்றைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் முதலில் நடப்பது இவைதான். எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடுவது வேண்டாம். குதிகாலைப் படியின் விளிம்பில் தொங்கவிட்டு 'நன்றாக நீட்டி' விடுவது வேண்டாம். அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம். வலிநிவாரணி விழுங்கிவிட்டுத் தேர்வுக்கு ஓடுவது எல்லாவற்றிலும் மோசம். ஃப்ளாக்சசினுடன் சில வலிநிவாரணிகள் சேரும்போது வலிப்பு வரும் வாய்ப்புகூடச் சற்று உயர்கிறது. துணியில் சுற்றிய பனிக்கட்டி பதினைந்து நிமிடம், குதிகாலுக்கு அடியில் சற்று உயரமான பஞ்சுத்தடுப்பு, நடக்கவே வலித்தால் ஊன்றுகோல் ஆகியவை பாதுகாப்பானவை. எலும்பு மூட்டு மருத்துவரிடம் போனால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து நாணின் நிலையைப் பார்ப்பார். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பியல் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் மாத்திரை அட்டையின் படத்தை முதலில் காட்டுங்கள்.

நாண் அறுந்துவிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோலவோ உதைத்ததுபோலவோ உணர்ந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். சிலருக்குப் 'பட்' என்ற ஓசையும் கேட்கும். ஆனால் பலரால் அதற்குப் பிறகும் நொண்டி நொண்டி நடக்க முடிகிறது என்பதால் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் பார்க்க ஒரு சோதனை உண்டு. கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைக்கால் தசையின் தடித்த பகுதியை ஒருவர் கையால் பிசைந்தால், நாண் முழுதாக இருக்கும் காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையாது. நல்ல காலில் முதலில் செய்து பார்த்துவிட்டு மறுகாலில் செய்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அசையவில்லை என்றால் அன்றே மருத்துவமனை. நாட்டு வைத்தியக் கட்டுப் போட்டு இரண்டு வாரம் பார்ப்பது சிகிச்சையைக் கடினமாக்கிவிடும்.

இதே மருந்துகளால் மிக அரிதாக, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனியின் சுவர் பாதிக்கப்படக்கூடும் என்று அமெரிக்க நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. மாத்திரை நாட்களில் நெஞ்சிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

தசை வலி, தசைச் சோர்வு

நாணைப் போல் தசைக்கு அவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஃப்ளாக்சசின்கள் தசை வலியையும் பலவீனத்தையும் தரலாம். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்களுக்கு அதை ஆபத்தான அளவுக்குக் கூட்டலாம் என்பதால் அவர்கள் இதைத் தொடக் கூடாது. நாற்பதைக் கடந்த ஓட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு குடும்பம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் அல்லது அடோர்வாஸ்டாட்டின் எடுப்பவர், தொண்டைக்கோ சளிக்கோ கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ சேர்த்து எடுத்தால், தசை இழைகள் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அளவுக்குப் போகலாம். தொடை கனத்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் காத்திருக்கக் கூடாது. இதற்காக, தசை சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் சி.கே. என்ற நொதியின் அளவைப் பார்க்கச் சொல்வார்கள். கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு அந்த அளவு இயல்பாகவே சில நாட்கள் உயர்ந்திருக்கும் என்பதால், கடைசியாக எப்போது ஓடினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டே முடிவைப் படிக்கச் சொல்லுங்கள்.

டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்களுக்குத் தோல் வெயிலில் எளிதில் பொசுங்கும், ஃப்ளாக்சசின்களுக்கும் அது ஓரளவு பொருந்தும். 1500 மீட்டர் உயரத்து ஏற்காட்டின் குளிர்ந்த காற்று வெயிலின் கடுமையை மறைத்துவிடுவதால் முழுக்கைச் சட்டையோடு போங்கள்.

மீண்ட பிறகு

நான் சொன்ன பையன் எலும்பு மருத்துவரைப் பார்த்தான். நாண் வீங்கியிருந்ததே தவிர அறுந்திருக்கவில்லை. ஆறு வாரம் ஓடாமல், பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி முதலில் உட்கார்ந்தவாறே குதிகாலை உயர்த்தவும், பிறகு இரு காலில் நின்று உயர்த்தவும், வலி இல்லாத நிலையில் ஒரு காலில் உயர்த்தவும் பழகினான். அந்த ஆண்டுத் தேர்வை அவன் விட்டுவிட்டான். எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. மூன்று வாரம் காலணியைக் குறை சொல்லிக்கொண்டே ஓடியதற்கான கூலி அது என்று நினைக்கிறேன்.

ஒருமுறை வந்தவருக்கு மறுபடி அந்தக் குடும்ப மருந்து தரக் கூடாது. மருத்துவமனை நோட்டின் முதல் பக்கத்தில், ஒவ்வாமை எழுதும் இடத்தில், 'ஃப்ளோரோகுயினோலோனால் நாண் வலி' என்று எழுதச் சொல்லுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு நோயாளியே பேசிப் பக்கவிளைவைப் பதிவுசெய்யலாம். மருந்தின் பெயர், எடுத்த தேதிகள், வலி தொடங்கிய தேதி ஆகியவற்றோடு பேட்ச் எண்ணும் கையில் இருந்தால் பதிவு முழுமையாகும். அந்த எண் அட்டையின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கத்தரித்து வாங்கும்போது அந்த ஓரம் உள்ள துண்டையே கேட்டு வாங்குங்கள்.